வடிய விடவும்

ஜூலை 2, புதன்

இதைப் படிக்க நேருகிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட டைரிதான். ஆனாலும் என் வரிகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கிறேன், சில இடங்களில் ஒன்று கூடியிருக்கும். காலமெல்லாம் அரிசி ஆலையில் மூட்டைக்குக் கொக்கி போட்டு இழுத்த கை இது. பேனாவையும் கொக்கி மாதிரியே பிடிக்கிறது. தாள் கிழிந்திருக்கும் இடங்களுக்கு அதுதான் காரணம்.

என் பெயர் மாடக்கண்ணு. வயது அறுபத்தொன்பது. ஊர் நூலகத்தில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்து படித்து, போன மாதம் தேர்விலும் பாஸ் செய்துவிட்டேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பியூலா டீச்சர் பரிசாகத் தந்ததுதான் இந்த டைரி. “வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதுங்க ஐயா, இல்லன்னா கை மறந்திரும்” என்றார்.

இந்த வயதில் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். பஸ் போர்டு படிக்க என்று சொன்னேன். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. சந்தோஷமாகக் குடித்தேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரி நாள். செவ்வாயும் வெள்ளியும் என் மனைவி உலகம்மையைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போக வேண்டும். பஸ் போர்டைப் படித்தேன். பஸ்ஸுக்குள் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்தேன். ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்பதற்கு அர்த்தம் கண்டக்டருக்கும் தெரியவில்லை.

உலகம்மை போகும்போது தூங்கினாள். வரும்போதும் தூங்கினாள்.

ஜூலை 6, ஞாயிறு

உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகுதான் சமைக்க வேண்டும். கீரையும் அப்படியே. உலகம்மையின் உடம்புக்கு அவற்றிலுள்ள ஒரு சத்து ஆகாது. குடிக்கிற தண்ணீரும் அளந்துதான். டம்ளரை நான் எடுத்து வைத்துவிடுவேன்.

“ருசியெல்லாம் சாக்கடைக்குப் போவுது, சக்கையெல்லாம் எனக்கு வருது” என்றாள்.

“உப்பு மட்டும் கொஞ்சம் போட்டிருக்கேன் ஏளா.”

“உப்பா? நீங்க உப்பு டப்பாவைக் காட்டிட்டு எடுத்து வச்சிட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

ஜூலை 9, புதன்

இன்று கல்லூரிக்குப் போனேன். ஆமாம், நான்தான்.

பியூலா டீச்சர் பகலில் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். பாடத்தின் பெயர் டெக்னிக்கல் ரைட்டிங். ஒரு கருவியை எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது, எப்படிக் கழுவுவது என்று, அதை முன்பின் பார்த்திராதவனுக்கும் விளங்கும்படி எழுதக் கற்றுத் தருவது. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். இங்கிலீஷில் நன்றாக எழுதிவிடுவார்களாம். கருவியை வாங்கிப் போகிறவர்கள் தமிழ் ஆட்களாயிற்றே என்று டீச்சர் இந்த வருஷம் தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதினால் படித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

“இவர் மாடக்கண்ணு ஐயா. நீங்க எழுதினதைப் படிப்பார். படிச்சதை மட்டும் செய்வார். உங்க மனசுல இருக்கறதைச் செய்ய மாட்டார்” என்று டீச்சர் அவர்களிடம் சொன்னார்.

முதலில் டார்ச் லைட். தாளில் ‘மூடியைக் கழற்றி பேட்டரியைப் போடவும்’ என்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூடியைக் கழற்றினேன். பேட்டரியைக் கீழே போட்டேன். இதில் கொஞ்சம் குறும்பு உண்டு. பெஞ்சுக்கு அடியில் அது உருண்டு போக, வகுப்பே சிரித்தது.

எழுதிய பையன் எழுந்தான். நவநீதன் என்று பெயர், சென்னை அம்பத்தூர்க்காரன், ஒட்டகச்சிவிங்கி உயரம். “தாத்தா, உள்ள போடணும்.”

“உள்ளன்னு எழுதலியே தம்பி.”

“செமயா கலாய்க்கிறீங்க தாத்தா” என்றான். பக்கத்தில் இருந்த மெஹராஜ் என்ற பெண், மேலப்பாளையத்துப் பிள்ளை, “டேய், ஒனக்கு வேணும்” என்றாள். இருவரும் சேர்ந்துதான் எழுதுகிறார்களாம்.

உலகம்மையிடம் சொன்னேன். “படிச்ச பிள்ளைகளைக் கேலி பண்ணவா பஸ் ஏறிப் போறீங்க” என்றாள். ஆனால் பேட்டரி உருண்டதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஜூலை 16, புதன்

சில விஷயங்களை இந்த டைரியில் எழுத வேண்டாம் என்றிருந்தேன். அவற்றை எழுதாமல் இன்றைய வகுப்பைச் சொல்ல முடியாது.

உலகம்மைக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. அதற்குத்தான் வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அங்கே மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. வயிற்றில் ஒரு டியூபை வைத்துவிடுவார்கள். அதன் வழியாக மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுப் பையிலிருந்து மறுபடி விட வேண்டும். வீட்டிலேயே தினமும் செய்யலாம். பஸ் வேண்டாம், ஊசி வேண்டாம். ஆனால் செய்கிறவர் தாளைப் படித்து வரிசை தப்பாமல் செய்ய வேண்டும். தப்பினால் உயிருக்கு ஆபத்து.

தை மாதம் டாக்டர், “வீட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க யாரு?” என்று கேட்டார். மகள் திருப்பூரில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் அப்போது எழுத்துத் தெரியாது. அதற்கு மறுவாரம் நான் நூலக வகுப்பில் சேர்ந்தது தற்செயல்தான்.

டீச்சர் இதையே வகுப்புக்கு வேலையாகக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் தரும் தாள் இங்கிலீஷில் இருக்கிறது. அதைப் பார்த்து நவநீதனும் மெஹராஜும் தமிழில் எழுதிவந்திருந்தார்கள். பழகுவதற்கான பைகளும் டியூபும் கிளிப்புகளும் மேஜைமேல் இருந்தன. வயிற்றுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பை. யாருக்காக இந்தத் தாள் என்று டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. நான்தான் வேண்டாம் என்றிருந்தேன்.

ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கையைக் கழுவினேன். முகமூடி கட்டினேன். மருந்து நீர் இருந்த புதுப் பையை மேலேயும், வடிகிற நீருக்கான வெறும் பையைக் கீழேயும் தொங்கவிட்டேன். அப்புறம் இந்த வரி வந்தது:

‘வயிற்றிலுள்ள நீரை வடிய விடவும் கிளிப்பை மூடவும் புதுப் பையின் கிளிப்பைத் திறக்கவும்’

படித்தேன். அப்படியே செய்தேன். நீர் வடியத் தொடங்கியது. வடியத் தொடங்கிய உடனே மூடினேன். புதுப் பையைத் திறந்தேன். ஏற்கெனவே நிறைந்திருந்த ரப்பர் பைக்குள் மேலும் நீர் இறங்கியது. அது தவளை மாதிரி உப்பிக்கொண்டே வந்து, அடைப்பான் தெறித்து, டீச்சரின் வருகைப் பதிவேடு நனைந்துபோனது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது யாருடைய வயிறு என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“மேடம், தாத்தா தப்பா படிக்கிறாரு. நான் கரெக்டாதான் எழுதியிருக்கேன். வடிய விடணும், அப்புறம்தான் மூடணும்” என்றான் நவநீதன்.

“தம்பி சொல்லுததுதான் சரி” என்றேன்.

டீச்சர் பதிவேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

கோமதி சிஸ்டர் உலகம்மையின் கையில் பல இடங்களில் குத்திப் பார்த்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இந்த நரம்பு இனிமே தாங்காது. வயித்துல டியூப் வச்சிரலாம். ஆனா வீட்டுல செய்யறவரு சிஸ்டர்கிட்ட செஞ்சு காட்டித் தேறணும்” என்றார். நான் செய்து காட்டுவதற்கு ஆகஸ்ட் பதினான்கு என்று நாள் குறித்தார்கள்.

தேறாவிட்டால் என்ன என்று கேட்டேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜூலை 21, திங்கள்

என் கண்ணாடியை மாற்றினால் தப்பாகப் படிப்பது சரியாகிவிடும் என்று கடைக்குப் போனேன். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார் கடைக்காரர்.

ஜூலை 23, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. கோழிக்கூட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் வாசலில் மெஹராஜும் நவநீதனும் வந்து நின்றார்கள். வாசல் நிலை தலையில் இடித்துவிடும் என்று நான் சொல்வதற்குள் நவநீதன் இடித்துக்கொண்டான். உலகம்மை கட்டிலில் இருந்தபடியே, “உக்காருங்க பிள்ளைகளா. இவுக ஒங்க பேட்டரியை உருட்டிவிட்ட கதையைத்தான் நாலு தெருவுக்கும் சொல்லிக்கிட்டுத் திரியுதாக” என்றாள்.

மெஹராஜ் கையில் அந்தத் தாள் இருந்தது. “தாத்தா, நேத்து எங்கம்மா அடுப்படியில நிக்கும்போது இதைச் சத்தமா வாசிச்சேன். வடிய விடவும் கிளிப்பை மூடவும்னு சொன்னதும் எங்கம்மா, ‘வடிய விடவும் மூடிட்டா அப்புறம் எப்படிளா வடியும்?’னு கேட்டாங்க. நீங்க செஞ்சதேதான். அப்பதான் எனக்கு உறைச்சது. ‘வாப்பா வரவும் சோறு வை’ன்னு தினமும் சொல்லுவாங்க. வரவும்னா வந்த உடனே. நானே அப்படித்தான் பேசுதேன், எழுதும்போது மட்டும் தெரியல.”

“மடை திறக்கவும் தண்ணி வந்திட்டுன்னு சொல்லுதோமே, அந்த மாதிரி” என்றாள் உலகம்மை.

நவநீதன் நெற்றியைத் தடவிக்கொண்டே, “எங்க ஊர்ல அப்படிப் பேச மாட்டோம் தாத்தா. எங்களுக்கு வரவும்னா நோட்டீஸ்ல போடுவாங்கல்ல, வாங்கன்னு, அவ்ளோதான். மரியாதையா இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் ‘வும்’ போட்டேன். புள்ளியும் வைக்கல. தப்பு உங்களுது இல்ல” என்றான்.

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன்.

உலகம்மை தாளை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். “என்னது, வடியிறது மூடுறது? என் வயித்துக்கு எழுதினதா இது?”

இரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் கோழிக்கூட்டைப் பார்த்தேன்.

“பாட்டிக்கா?” என்றான் நவநீதன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “அன்னிக்கு அந்த ரப்பர் பை வெடிச்சப்ப நான்தான் முதல்ல சிரிச்சேன்.”

“வெடிச்சிட்டா?” என்று உலகம்மை கேட்டாள். தாளை மடித்து மெஹராஜிடம் நீட்டினாள். பிறகு, “சரி, ரப்பரோட போச்சே. இவுக பஸ் போர்டு படிக்கத்தான் போறாகன்னு நான் நம்பிட்டேன்னா நெனச்சிக்கிட்டிருக்காக? பிள்ளைகளுக்குக் காப்பி போடுங்க. எனக்கு இன்னைக்குப் பங்கு கிடையாது, அதையும் சேத்து அவனுக்கு ஊத்துங்க” என்றாள்.

போகும்போது நவநீதன் மறுபடியும் இடித்துக்கொண்டான்.

ஜூலை 30, புதன்

வகுப்பில் இன்று பெரிய சண்டை. என்னைப் போல மகிழ்ச்சியாக ஒருவரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

டீச்சர் அந்த வரியைப் பலகையில் எழுதி, “வாசிச்சவர் மேல தப்பா, எழுதினவங்க மேல தப்பா?” என்று கேட்டார். பாதிப் பேர் அது வட்டார வழக்கு, தாளில் அதற்கு இடமில்லை என்றார்கள். “அப்ப இந்த வட்டாரத்துல ஒருத்தருக்கும் கிட்னி கெட்டுப்போகாதா?” என்று மெஹராஜ் கேட்டாள். அந்தப் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

எப்படி மாற்றுவது என்று பேச்சு வந்தது. ஒரு பையன், “சிம்பிளா ‘திற’, ‘மூடு’ன்னு எழுதிரலாம் மேடம்” என்றான்.

“தாத்தாவைப் பாத்து ‘மூடு’ன்னு எழுதுவியாடா நீ?” என்றான் நவநீதன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நான் கை தூக்கினேன். வகுப்பில் கை தூக்கிப் பேசுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. “எழுதுங்க தம்பி. என் வீட்டுக்காரி தினமும் அதைத்தான் சொல்லுதா.”

கடைசியில் ‘மூடுங்கள்’ என்று முடிவாயிற்று. ஒரு வரிக்கு ஒரு வேலை. வரி முடிந்தால் புள்ளி. காத்திருக்க வேண்டிய இடத்தில், காத்திருப்பதையே ஒரு வேலையாக எழுத வேண்டும் என்றார் டீச்சர். ‘நீர் முழுவதும் வடியும்வரை காத்திருங்கள்.’ எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று எழுத்தில் வந்துவிட்டதே.

ஆகஸ்ட் 6, புதன்

உலகம்மைக்கு டியூப் வைத்துவிட்டார்கள். புண் ஆறும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள். அங்கிருந்து நேராக வகுப்புக்குப் போனேன்.

ஒருவரிடம் சோதித்தது போதாது என்று டீச்சர் எங்கள் நூலக வகுப்பு ஆட்கள் எல்லோரையும் வரவழைத்திருந்தார். செல்லத்தாய் மதினி ‘குழாயை மூடுங்கள்’ என்ற வரியைப் படித்துவிட்டு, டியூபை விட்டுவிட்டு நேராகப் போய், கைகழுவிய இடத்தில் தண்ணீர்க் குழாயை மூடினாள். கழுவிய கை மறுபடி அழுக்கு. பிள்ளைகள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தண்ணீர் வருவதும் குழாய், மருந்து போவதும் குழாய் என்று எழுதியிருந்தார்கள். உடனே அடித்துவிட்டு ஒன்றைப் பைப்பு, மற்றதை டியூப் என்று மாற்றினார்கள். தமிழ்த் துறையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு சார் வருத்தப்பட்டார். மதினி அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

நவநீதன் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறான். சில வரிகளுக்குக் கீழே, அதைச் செய்து முடித்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எழுதியிருக்கிறான். ‘இப்போது கீழ்ப் பை நிறைந்திருக்கும். மேல் பை இன்னும் குறைந்திருக்காது.’ இதெல்லாம் எதற்கு, தாள் நீளமாகிறது என்று மெஹராஜ் அடிக்கச் சொன்னாள். இருக்கட்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தினமும் பழகுகிறேன். தாளைப் பார்க்காமலே வந்துவிடுகிறது. கோழிகளுக்குத் தீவனம் போடும்போதும் உதடு அதையே சொல்கிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதை மெதுவாக, ஒன்றும் விடாமல் எழுதப்போகிறேன்.

கோமதி சிஸ்டர் சிரிக்காத ஆள். “தாளைப் பாக்காம செஞ்சீங்கன்னா ஃபெயில். எனக்கும் எல்லாம் மனப்பாடம்தான். நானும் பாத்துத்தான் செய்வேன்” என்றார். மனப்பாடமாகச் செய்து அசத்திவிடலாம் என்றிருந்த எனக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது.

உலகம்மை சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தேன், செய்தேன், அடுத்ததைப் படித்தேன். டாக்டர் வாசலில் நின்று பார்த்தார். நீர் முழுவதும் வடியும்வரை காத்திருந்தேன். அப்போது சிஸ்டர், “மகளுக்கு எத்தனை பிள்ளைங்க தாத்தா? என்ன படிக்குதுங்க?” என்று பேச்சுக் கொடுத்தார். மரியாதைக்குத் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னேன். மூத்தவள் டான்ஸ் ஆடுவாள் என்பதுவரை சொன்னேன். திரும்பித் தாளைப் பார்த்தால், எந்த வரியில் விட்டேன் என்று தெரியவில்லை.

தாளை விரலால் தொடவும் முடியாது, கழுவிய கை. எல்லா வரியும் முடித்த வரி மாதிரியும் இருந்தது, முடிக்காத வரி மாதிரியும் இருந்தது. சிஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உலகம்மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

பிறகு சின்ன எழுத்தில் இருந்த வரி கண்ணில் பட்டது. ‘இப்போது கீழ்ப் பை நிறைந்திருக்கும். மேல் பை இன்னும் குறைந்திருக்காது.’ தலையைத் திருப்பிப் பைகளைப் பார்த்தேன். கீழ்ப் பை நிறைந்திருந்தது. மேல் பை குறையவில்லை. அப்படியானால் நான் நிற்பது இங்கேதான். அதற்கு அடுத்த வரியை, ஆஸ்பத்திரி முழுவதும் கேட்கும்படி படித்தேன்: “வடியும் டியூபின் கிளிப்பை மூடுங்கள்.”

மூடினேன்.

கடைசி மூடியையும் போட்டு முடித்ததும் சிஸ்டர், “பேச்சுக் கொடுத்தது வேணும்னேதான். வீட்டுல யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க, போன் அடிக்கும். பாதியில விட்டுட்டு எங்க இருக்கோம்னு தெரியாம தவிக்கிறவங்கதான் அதிகம்” என்றார். பிறகு தாளுக்கு அருகில் போய், “இந்தச் சின்ன எழுத்தை எழுதினது யாரு? இங்கிலீஷ் தாள்ல இது இல்லியே. எனக்கு நூறு காப்பி வேணும்” என்றார். அந்தம்மாவும் சிரிப்பார் என்று இன்று தெரிந்தது.

வராந்தாவில் பிள்ளைகளும் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். சொன்னேன். மெஹராஜ் நவநீதனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “நல்லவேளை, நான் சொன்னதை நீ கேக்கல.” அவன் திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

“ஏன் தம்பி, அழுதியா?”

“இல்ல தாத்தா. இந்த ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கல.”

எனக்கும் அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

உலகம்மை வீட்டில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை பஸ் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் போயிற்று. வாசலில் நின்று அதற்குக் கை காட்டினேன். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. நான் தாளைப் படிக்கப் படிக்க, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். “வாயைக் கட்டிக்கிட்டு முணுமுணுன்னா எனக்கு எப்படி விளங்கும்? சத்தமா வாசிங்க” என்கிறாள். சத்தமாக வாசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இப்போது வரிசை தெரியும்.

இன்று தானும் வகுப்புக்கு வருவேன் என்று அடம்பிடித்தாள். டீச்சர் ஆட்டோ அனுப்பினார். பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். உலகம்மை முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீச்சர் முடித்ததும் என்னைப் போலவே கை தூக்கினாள்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இவுகளுக்கே காய்ச்சல் வந்து படுத்திட்டா நான் என்ன செய்ய? வயிறு என் வயிறு. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்கு எழுதுங்க பாப்போம்.”

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள்.

“எழுத்தே இல்லாமலா பாட்டி?” என்றான் நவநீதன்.

“அது ஒங்க பாடு. அதுக்குத்தானே இம்புட்டுப் படிப்பு.”

டீச்சர் பலகையில் எழுதிய எல்லாவற்றையும் அழித்தார். அழித்த பலகையில் எதையும் எழுதாமல், சாக்பீஸை நவநீதனிடம் நீட்டினார். அவன் முன்னால் வந்து ஒரு பை வரைந்தான். “இது என்ன, தலகாணியா?” என்றாள் உலகம்மை. அழித்துவிட்டு மெஹராஜ் வரைந்தாள். அது பை என்று உலகம்மை ஒப்புக்கொண்டாள். கிளிப் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியவில்லை என்றாள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அடுத்த புதன்கிழமை படத் தாள் தயாராகிவிடும். அதைப் பார்த்துச் செய்யப்போகிறவள் அவள். நான் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று இப்போதே உத்தரவு போட்டுவிட்டாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் அடுத்த வாரம், அவள் என்னென்ன செய்தாள், பிள்ளைகளை என்ன பாடு படுத்தினாள் என்று இங்கே எழுதுவேன். எழுதியதை அவளுக்குச் சத்தமாக வாசித்தும் காட்ட வேண்டுமாம்.